மௌனம் சம்மதமா?

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்று நம் வீடுகளில் ஒரு வசனம் வழங்கி வருகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, "பெண்ணுக்கு இஷ்டந்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். பெண் தலை குனிந்து நிற்பாள். உடனே பாட்டியோ அத்தையோ மேற்படி வசனத்தை எடுத்து வீசிவிடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள், தாம்பூலம் மாற்றிக் கொள்வார்கள். அந்தப் பெண்ணின் மனத்தில் என்ன இருந்தது என்பதை யாரும் அறியார்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். நாமும் இருபது வருஷமாக வகுப்பில் நின்று, "புரிந்ததா?" என்று கேட்டு வருகிறோம். வகுப்பு நிசப்தமாக இருக்கும். புரிந்துவிட்டது என்று எண்ணி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். பரீட்சைத் தாள்களைத் திருத்தும் போதுதான் அந்த நிசப்தத்தின் பொருள் விளங்கும். அதிகாரம் உள்ளவர் கேட்கும்போது, இல்லாதவர் வாய் திறப்பதில்லை.

வீட்டிலும் பள்ளியிலும் நேரும் இந்தப் பிழை, தேசத்தின் உச்ச நீதிமன்றத்திலேயே நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? அவ்வாறு நேர்ந்துவிட்டது என்று துணிந்து எழுதிய நால்வரில் ஒருவர், டில்லிச் சர்வகலாசாலையின் சட்டப் பேராசிரியை ஸ்ரீமதி லோதிகா சர்க்கார்.

1923-ஆம் வருஷம் பிறந்த இவர், 1951-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி இவரே. 1953-இல் டில்லிச் சர்வகலாசாலைச் சட்டப் பகுதியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அதற்கு முன் அந்தப் பகுதியில் பெண் ஆசிரியர் ஒருவரும் இருந்ததில்லை. அவர் முக்கியமாகக் கற்பித்தது கிரிமினல் சட்டம். கொலை, கொள்ளை, பலாத்காரம் முதலிய விஷயங்களை ஒரு பெண்மணி ஆண் மாணவர்கள் நிறைந்த வகுப்பில் விளக்குவது அந்நாளில் எவ்வளவு புதுமை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1971-இல் இந்திய சர்க்கார் பெண்களின் நிலையை ஆராய ஒரு கமிட்டி நியமித்தது. டாக்டர் புல்ரேணு குஹா அதன் தலைவி. ஸ்ரீமதி வீணா மஜும்தார் அங்கத்தினர்-காரியதரிசி. லோதிகா சர்க்கார் ஓர் அங்கத்தினர். 1974-இல் முடிவுற்ற "சமத்துவத்தை நோக்கி" என்னும் அறிக்கை, சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் நம் பெண்களின் நிலை எப்படி இருந்தது என்பதை மறைக்காமல் எடுத்துக் காட்டியது. சட்டசபைகளில் பெண்களுக்கு ஸ்தானம் ஒதுக்க வேண்டியதில்லை என்று கமிட்டியின் பெரும்பாலோர் கருதினர். லோதிகாவும் வீணாவும் அதற்கு இணங்கவில்லை. தங்கள் மாறுபட்ட அபிப்பிராயத்தை எழுதிச் சேர்த்தார்கள். அந்த ஒதுக்கீட்டுக்கு அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்தது 2023-இல்! பெரும்பான்மை சொல்லிவிட்டது என்பதற்காக வாய் மூடியிருப்பது அவர் வழக்கமல்ல என்பதை இதிலிருந்தே வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

இனி, அந்த வழக்குக்கு வருவோம்.

1972-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 26-ஆம் தேதி இரவு. மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் ஜில்லாவைச் சேர்ந்த தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷனுக்கு, தாய் தந்தையற்ற ஓர் ஆதிவாசிச் சிறுமி வரவழைக்கப்பட்டாள். தன் தங்கையை யாரோ கடத்திச் சென்றுவிட்டதாக அவள் தமையன் கொடுத்திருந்த புகார் சம்பந்தமாக வாக்குமூலம் வாங்குவதற்காக. அவளுக்கு வயது பதினாலிலிருந்து பதினாறுக்குள் இருக்கும் என்பது பின்னால் பரிசோதித்த டாக்டரின் கணிப்பு. வாக்குமூலம் முடிந்தது. உறவினர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அவளை மட்டும் ஒரு கான்ஸ்டபிள் நிறுத்திக் கொண்டான். ஸ்டேஷனின் கதவு அடைபட்டது, விளக்கு அணைந்தது. உறவினர்கள் வெளியே தெருவில் நின்று கொண்டிருந்தார்கள். தன்னை அவன் பலாத்காரம் செய்ததாகவும், மற்றொரு கான்ஸ்டபிள் மானபங்கம் செய்ததாகவும் அவள் வெளியே வந்து சொன்னாள். அவள் பெயரை நாம் இங்கே எழுதப் போவதில்லை.

1974-இல் செஷன்ஸ் கோர்ட் கான்ஸ்டபிள்கள் இருவரையும் விடுதலை செய்தது. 1976-இல் பம்பாய் ஹைகோர்ட்டின் நாகபுரிக் கிளை அத்தீர்ப்பை மாற்றி இருவரையும் தண்டித்தது. பயத்தினால் அடங்கிப் போவது வேறு, சம்மதம் வேறு என்று விளக்கியது. 1978 செப்டம்பர் 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடியும் இருவரையும் விடுவித்தது. சிறுமியின் உடம்பில் காயம் இல்லை; அவள் கூச்சலிட்டதாகச் சொன்னது நம்பத்தக்கதல்ல; மரணத்துக்கோ காயத்துக்கோ அஞ்சி இணங்கியதாகவும் ருசுவாகவில்லை. இவையே காரணங்கள்.

இந்தத் தீர்ப்பு சட்டப் பத்திரிகைகளில் அச்சாயிற்று. எத்தனையோ தீர்ப்புகளைப் போல அதுவும் அலமாரியில் உறங்கியிருக்கும். ஆனால் 1979 செப்டம்பர் 16-ஆம் தேதி, தீர்ப்பு வந்து ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆனபோது, இந்தியாவின் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் சென்றது. உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் என்ற சட்ட அறிஞர் நால்வர் அதில் கையொப்பமிட்டிருந்தனர்.

கடிதத்தில் வசைச்சொல் கிடையாது, கேள்விகள் இருந்தன. சம்மதத்தில் அடங்கிப் போதலும் இருக்கலாம். ஆனால் அடங்கிப் போனவரெல்லாம் சம்மதித்தவர் ஆவாரா? இரவில், கதவடைத்த போலீஸ் ஸ்டேஷனில், ஓர் ஏழைச் சிறுமி போலீஸ்காரனை எதிர்த்துப் போராடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பெண்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவழைப்பதை அதே 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில் கண்டித்த நீதிமன்றம், இந்த வழக்கில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாததேன்?

கடிதம் பத்திரிகைகளில் பரவிற்று. 1980 மார்ச்சு 8-ஆம் தேதி பல நகரங்களில் பெண்கள் ஊர்வலம் சென்றார்கள். சட்டக் கமிஷன் அதே வருஷம் இதைப் பற்றித் தனி அறிக்கை தந்தது. 1983-இல் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்திற்று.

திருத்தத்தின் சாரம் இது: போலீஸ் காவல் போன்ற அதிகாரத்தின் பிடியில் நடந்த குற்றமானால், உடலுறவு நடந்தது ருசுவாகி, "நான் சம்மதிக்கவில்லை" என்று பெண் கோர்ட்டில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிபதி அநுமானிக்க வேண்டும்; இருந்தது என்று காட்டுவது எதிரியின் பொறுப்பு. இத்தகைய குற்றத்துக்குச் சாதாரணமாகப் பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை. மூடிய அறையில் விசாரணை. பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம்.

குற்றம் ருசுவாகும் வரையில் எவரும் நிரபராதியே என்ற பழைய நியாயத்துக்கு இது விரோதமல்லவா என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்த அநுமானம் எல்லா வழக்குக்கும் உரியதன்று. சாவியும் சட்டையும் லத்தியும் ஒரு பக்கம், தனித்து நிற்கும் பெண் ஒரு பக்கம் என்றிருக்கும் இடத்தை முக்கியமாகக் கருதி வகுக்கப்பட்டது. அங்கே சாக்ஷி சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

லோதிகா சர்க்கார் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றி ஆராய 1980-இல் டில்லியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியபோது அதை ஸ்தாபித்தவர்களுள் அவரும் ஒருவர். 1999-இல் அவரைக் கௌரவித்து ஒரு கட்டுரைத் தொகுதி வெளிவந்தது. ஆசிரியருக்கு அதைவிட வேறு பென்ஷன் வேண்டுமா?

2013 பிப்ரவரி 23-ஆம் தேதி, தொண்ணூறாம் வயதில் அவர் காலமானார். அடுத்த மாதமே பார்லிமெண்ட் ஒரு புதிய திருத்தத்தை நிறைவேற்றியது. ஒரு பெண் உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு அவள் சம்மதித்ததாகக் கருதலாகாது என்று அதில் கண்டிருந்தது. முப்பத்து நாலு வருஷங்களுக்கு முன் நால்வர் எழுதிய கேள்விக்கு அதுவே பதில்! 2024 ஜூலை முதல் தேதி பழைய பீனல் கோடு போய்ப் புதிய நியாயச் சட்டம் வந்தபோதும் அந்த விதி அழியாமல் இடம் பெற்றிருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சட்டம் பின்னோக்கி நடப்பதில்லை. 1978-ஆம் வருஷத் தீர்ப்பு அப்படியே நின்றது. தேசாய்கஞ்ச் சிறுமியின் வழக்கால் வந்த பாதுகாப்பு பிறருக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கடன் நம் எல்லாருடைய கணக்கிலும் இருக்கிறது.

அதில் சிறிதளவேனும் தீர்க்க வழி உண்டு. அடுத்த முறை நம் வீட்டுக் கூடத்தில் ஒரு பெண் தலை குனிந்து நிற்கும்போது, பழைய வசனத்தை எடுத்து வீசாமல், அவளைத் தனியே அழைத்து, "உன் மனத்தில் என்ன இருக்கிறது, அம்மா?" என்று கேட்போம். அவள் பதில் சொல்லும் வரையில் காத்திருப்போம்.