கணினிச் சதுரங்கத்தின் பொருளெல்லை

நூலுக்குரிய குற்றம் பத்தென வகுத்த நன்னூலார், குன்றக் கூறலை முதலில் வைத்து, மற்றொன்று விரித்தலையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார். முன்னையது வேண்டியதை விடுவது. பின்னையது வேண்டாததைப் புகுத்துவது. புதிதாகத் தோன்றிய துறையொன்றில் இவ்விரு குற்றங்களுக்கும் இடையே வழி காண்டல் அரிது. இன்னதே பொருளென வரையறுத்துச் சென்ற முன்னோர் அதற்கு இலர். கணினிச் சதுரங்கம் இவ்விடர்ப்பாட்டை நன்கு காட்டும். சதுரங்கம் பழைய விளையாட்டு. கணினி புதிய பொறி. இரண்டும் சேர்ந்தவிடத்து, எப்பேச்சு அத்துறைக்குரியது, எப்பேச்சு புறம்பானது என்பதை எதனைக்கொண்டு துணிவது?

சதுரங்கமும் இயந்திரமும் ஒருங்கிருத்தலே போதுமெனச் சிலர் கருதுவர். அது போதாது. 1770ஆம் ஆண்டிலே வொல்ப்காங் வொன் கெம்பெலன் என்பார், மரியா தெரேசா பேரரசியின் முன்னிலையில், துருக்கிய உடை தரித்த பாவையொன்று சதுரங்கம் ஆடக் காட்டினார். கண்டோர் வியந்தனர். உண்மையிற் பெட்டியினுள்ளே ஆட்டம் வல்லாரொருவர் மறைந்திருந்து ஆடினார். இத்துறையின் வரலாறு எழுதுவோர் பலரும் இப்பாவையிலிருந்தே தொடங்குவர். கதைச்சுவை கருதித் தொடங்குகின்றனர் போலும். 1914இற் பாரிஸ் நகரிலே இஸ்பானியப் பொறியியலாளர் ரொறெஸ் கெவேடோ காட்டிய கருவியோ வேறு. வெள்ளையரசனும் கோட்டையும் கொண்டு, மனிதர் நகர்த்தும் தனிக் கறுப்பரசனை அது வென்றது. பலகையில் இருந்தவை மூன்று காய்களே. எனினும் காயை எங்கே வைப்பது என்பதை மின்பொறியே துணிந்தது. முழு ஆட்டம் ஆடிய பாவை புறத்ததாக, இறுதியாட்டத்தின் ஒரு துண்டை மட்டும் ஆடிய கருவி அகத்ததாயிற்று. அளவுகோல் இவ்வேறுபாட்டிலேயே பிறக்கின்றது. இந்நகர்த்தலை இயந்திரம் எவ்வாறு தேர்ந்தது என்னும் வினாவுக்கு உதவும் பேச்சே இத்துறைக்குரிய பேச்சு. குளோட் ஷனன் 1950இல் வெளியிட்ட கட்டுரையும், எல்லா நகர்த்தல்களையும் குறித்த ஆழம்வரை ஆராய்தல், தக்கவற்றை மட்டும் தெரிந்து ஆராய்தல் என இருவழி வகுத்து, இவ்வினாவுக்கே விடை தேடிற்று.

1997ஆம் ஆண்டு மே மாதத்திலே டீப் புளூ என்னும் கணினி உலக வீரர் கஸ்பரோவை ஆறு ஆட்டங்களில் 3½–2½ என வென்றபோது எழுந்த பேச்சை இவ்வளவுகோலால் அளக்கலாம். கஸ்பரோவின் மனக்கலக்கமும், மனிதவினத்தின் பெருமை குலைந்ததென்ற புலம்பலும் ஏடுகளை நிரப்பின. அவை மனிதரைப் பற்றிய பேச்சு. அக்கணினி ஒரு வினாடியில் ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது எவ்வாறு என்பதே துறைக்குரியது.

துறைக்குள்ளேயே வேறொரு வழக்கும் உண்டு. பிறப்புரிமையியலார்க்குப் பழ ஈ எவ்வாறோ, செயற்கை நுண்மதியாராய்ச்சிக்குச் சதுரங்கம் அவ்வாறென 1965இல் உருசியக் கணிதவறிஞர் குறொன்றொட் கூறினார். 1997இல் ஜோன் மக்கார்த்தி இவ்வுவமையைத் திருப்பி எய்தார். பிறப்புரிமையியலார் ஈக்களைப் பந்தயத்துக்கென வளர்ப்பதிலே முனைந்திருந்தால் அவ்வியல் எந்நிலை அடைந்திருக்குமோ, அந்நிலையையே கணினிச் சதுரங்கம் அடைந்ததென்பது அவர் குறை. அதில் உண்மையுண்டு. ஆயினும் பந்தயம் முற்றும் புறம்பன்று. வேகமான தேடல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பந்தயமே வெளிப்படுத்திற்று.

மற்றொன்று விரித்தலுக்கு அஞ்சிக் குன்றக் கூறலில் வீழ்தலும் உண்டு. 1977இல் நிறுவப்பட்ட அனைத்துலகக் கணினிச் சதுரங்கச் சங்கம், 2002இல் தன் பெயரிலுள்ள 'சதுரங்க' என்பதை 'விளையாட்டுக்கள்' என மாற்றிற்று. பழமை பேணுவோர்க்கு இஃது எல்லை கடந்ததாகத் தோன்றலாம். பின் நிகழ்ந்தது யாது? 2018இல் யூ நாசு என்பார், சப்பானியரின் ஷோகி விளையாட்டிற்கென, சாதாரண கணினியிலும் விரைந்து இயங்கும் நரம்பு வலையமைப்பொன்றை வகுத்தார். காய்நிலையொன்று எவர்க்கு நன்மை தரும் என மதிப்பிடுவது அதன் தொழில். 2020இல் அம்முறை ஸ்ரொக்பிஷ் என்னும் சதுரங்கச் செய்நிரலிற் சேர்க்கப்பட, ஏலவே மிக வலியதாயிருந்த அச்செய்நிரல் மேலும் பெரிதும் வலிவுற்றது. ஷோகி வேறு விளையாட்டெனக் கதவடைத்திருந்தோர் இப்பேற்றை இழந்திருப்பர்.

இனி, மேற்கூறிய அளவுகோல் தீர்க்கமாட்டாத வழக்கொன்று 2011இல் எழுந்தது. அச்சங்கம் நடத்திய உலகப் போட்டியில் 2007 முதல் 2010 வரை நான்கு முறை வென்ற செய்நிரல் றிப்கா. அது கிறாவ்ற்றி, புறூற் என்னும் முன்னைச் செய்நிரல்களிலிருந்து எடுத்தாளப்பட்டதென முடிவு செய்து, சங்கம் நான்கு பட்டங்களையும் நீக்கிற்று. இயந்திரமே நகர்த்தலைத் தேர்ந்தது என்பதில் ஐயமில்லை. யாருடைய ஆக்கத்தாலே தேர்ந்தது என்பதே வினா. பிறர் கருத்தைக் கற்று ஆளுதல் இத்துறையில் என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. பிறர் எழுதியதைத் தனதெனக் காட்டுதல் ஒப்பப்படாதது. வழிநூலுக்கும் களவுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. காய்நிலையை மதிப்பிடும் பகுதியிலே றிப்காவும் புறூற்றும் எவ்வெக் கூறுகளைக் கணக்கிற் கொண்டன என்னும் ஒப்பீடு விசாரணையின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாயிற்று. பலகையைக் கணினியினுள்ளே குறிக்கும் முறையோ இரண்டிலும் வேறு. ஆகவே, காணப்பட்ட ஒப்புமை கருத்தின் ஒப்புமையா, எழுத்தின் ஒப்புமையா என்பதில் வல்லுநர் வேறுபட்டனர். தீர்ப்பை ஏற்காதோரும் அவருள் இருந்தனர்.