உஷார்! ‘சீரியஸ் கேஸ், வந்துட்டே இருக்கோம்’ என்று மட்டும் சொன்னால் போதாது!

ஆம்புலன்ஸில் ஏற்றியாயிற்று, சைரன் அலறுகிறது, இனிக் கவலையில்லை என்று நினைக்கிறீர்களா? நினைக்காதீர்கள்! வண்டி போவதற்கு முன்னால் சரியான தகவல் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால், வழியில் மிச்சம் பிடித்த நிமிடமெல்லாம் கேஷுவாலிட்டி வாசலிலேயே கரைந்துவிடும்.

நடந்ததைக் கேளுங்கள். ஒருவருக்கு வயது 58. காலையில் திடீரென்று வாய் கோணியது, வலது கை துவண்டு விழுந்தது. வெளியூரிலிருந்து தனியார் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர் கேஷுவாலிட்டிக்குப் போன் போட்டார். “மேடம், இவர் சுகர் பேஷன்ட், பத்து வருஷமா மாத்திரை சாப்பிடுறார். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனார், அதுலேர்ந்தே அசதி. இன்னிக்குக் காலைல பாத்ரூம்ல...”

நர்ஸுக்கு ஒரு காதில் போன், மறு காதில் வேறு யாரோ உறவினரின் அழுகை. கை விழுந்த விஷயம் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. அவர் குறித்துக்கொண்டது இரண்டே வார்த்தை: ‘சுகர், மயக்கம்.’ சுகர் பார்க்கும் மெஷின் தயாராக இருந்தது. சி.டி. ஸ்கேன் அறைக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே மேசைமேல் வேறொருவர். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? மனைவிக்குத்தான் தெரியும். அவரோ பின்னால் இன்னொரு வண்டியில். எல்லாம் தெளிவானபோது நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது.

அதென்ன நாலரை? ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும், மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் காட்டிய பிறகுதான். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன என்பது மருத்துவர்கள் போட்ட கணக்கு. ஊசி போட்டிருந்தால் அவர் முழுசாகத் தேறியிருப்பார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. இப்போது இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறார்.

அரை நிமிடப் பேச்சு போதும்! ஆபத்து எதுவோ, அது முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும். “58 வயசு ஆண், ஸ்ட்ரோக் சந்தேகம். ஏழு மணி வரைக்கும் நல்லா இருந்தார். வலது கை கால் வரலை, பேச்சு குழறுது. பி.பி. 180/100, பல்ஸ் 92, ஆக்ஸிஜன் 97, சுகர் 160. ரத்தத்தை இளக்குற மாத்திரை எதுவும் எடுக்கலை. பதினஞ்சு நிமிஷத்துல வர்றோம், சி.டி. ரெடி பண்ணுங்க.” கல்யாணக் கதை எங்கேயாவது வேண்டியிருந்ததா?

விபத்து என்றால் எப்படி அடிபட்டது, எங்கே அடி, நாடியும் பி.பி.யும் எவ்வளவு, வழியில் என்ன செய்தோம் என்ற வரிசை. 108 வண்டியில் இதற்கென்றே பயிற்சி பெற்ற இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) இருப்பார். பதற்றத்தில் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்காதீர்கள்! தனியார் வண்டிகள் பலவற்றில் டிரைவர் மட்டும்தான். பயமே அங்கேதான்.

இவை காதில் விழுந்தால் உஷாராகுங்கள்! போனில் பேசுபவர் “சீரியஸ்” என்கிறார்: என்ன சீரியஸ்? “பி.பி. நார்மல்” என்கிறார்: எண் எங்கே? பார்க்காமலே சொல்கிறாரோ? “காலைலேர்ந்து” என்றால் எத்தனை மணியிலிருந்து? “இதோ வந்துட்டோம்” என்பதை நம்பி யாரும் ஸ்கேன் மேசையைக் காலியாக வைத்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும்விட மோசம், வழியில் நினைவு தப்பிய பிறகும் மறுபடி கூப்பிடாமல் இருப்பது. முதல் போனில் சொன்ன நிலைமை அப்போதே பழசாகிவிட்டது!

நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்தது யாரோ, அவரை அந்த வண்டியிலேயே ஏற்றுங்கள். மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் அள்ளிப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வண்டியில் இடமில்லையா? அவருடைய நம்பரையாவது கொடுங்கள். அந்தப் போன் சைலன்ட்டில் இருக்கக் கூடாது!