ரத்தான விமானம், அசலான கையொப்பம்

திண்டுக்கல்லில் விமான நிலையம் இல்லை. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் மதுரைக்கோ திருச்சிக்கோ கார் பிடிக்கிறார்கள். டிக்கெட் மட்டும் வீடு தேடி மெயிலில் வந்துவிடுகிறது. அதே இன்பாக்ஸுக்குத்தான் ஃபிஷிங் எனப்படும் தூண்டில் மெயிலும் வருகிறது: “உங்கள் விமானம் ரத்து. பணத்தைத் திரும்பப் பெற இங்கே அழுத்தவும்.” சின்னம், நிறம், அனுப்புநர் பெயர் எல்லாம் அச்சு அசல்.

அனுப்புநர் பெயரைக்கூடப் போலியாகப் போட முடிவது எப்படி? மெயிலைக் கொண்டுசேர்க்கும் அடிப்படை விதிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அன்று வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அனுப்புநர் சொல்வது உண்மையா என்று சோதிக்கும் ஏற்பாடே அதில் கிடையாது. இன்றைய மெயிலும் அந்த அடித்தளத்தின் மேல்தான் ஓடுகிறது.

அந்த ஓட்டையைப் பிற்காலப் பொறியாளர்கள் அடைத்த விதம் அபாரமானது. 2007-இல் தரப்படுத்தப்பட்ட ‘டீகிம்’ என்ற மின்கையொப்பம் அது. விமான நிறுவனத்தின் சர்வர், மெயிலின் எழுத்துகளை எல்லாம் பிசைந்து ஒரே ஒரு சுருக்க எண்ணாக்குகிறது. ஒரு கமா மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். பிறகு அந்த எண்ணை ரகசியச் சாவியால் பூட்டுகிறது. 2019-இல் பூட்டுக்காகப் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல்காரர்களுக்கு இந்தப் பூட்டு பிடிக்கும்: பூட்டும் சாவி ஒன்று, திறக்கும் சாவி வேறொன்று. பூட்டும் சாவி நிறுவனத்திடம் மட்டுமே. திறக்கும் சாவியை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் திறந்தால், பூட்டியது அந்த நிறுவனம்தான். வழக்கமான 2048 பிட் சாவிக்கு அடிப்படையான எண்ணை எழுதிப் பார்த்தால் 617 இலக்கம் வரும். நீங்கள் மெயிலைத் திறப்பதற்குள் இந்தச் சோதனை முடிந்திருக்கும்.

ஆனால் மோசடிக்காரரும் ஒரு தளப்பெயரை வாங்கி, முறைப்படி கையொப்பமிட்டே அனுப்பலாம். எந்தத் தளம் அனுப்பியது என்பதற்குத்தான் கையொப்பம் சாட்சி. அந்தத் தளத்துக்காரர் நல்லவரா என்பதற்கு அல்ல. அதனால் முகவரியை நாமே படிக்க வேண்டும், அதுவும் வலமிருந்து இடமாக. ‘உங்கள்விமானம்.பணம்-திரும்ப.காம்’ என்று இருந்தால், உரிமையாளர் ‘பணம்-திரும்ப.காம்’ வாங்கியவர். அதற்கு இடப்பக்கம் அவர் எந்தப் பெயரையும் ஒட்டிக்கொள்ளலாம், காசு செலவில்லை. கண்ணையே ஏமாற்றும் வித்தையும் உண்டு. ரஷ்ய எழுத்துகள் சில ஆங்கில எழுத்துகளைப் போலவே இருக்கும். 2017-இல் ஓர் ஆய்வாளர் அவற்றைக் கொண்டே ஆப்பிள் நிறுவன முகவரி போலத் தெரியும் தளம் ஒன்றைப் பதிவுசெய்து காட்டினார். அதன் பிறகு குரோம் உலாவி திருத்தப்பட்டது. இணைப்பைத் தொடாமல், விமான நிறுவனத்தின் செயலியை நாமே திறந்து பார்ப்பது இதனால்தான் பாதுகாப்பு.

“என் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கிறதே!” என்று பலர் நம்பிவிடுகிறார்கள். 2021 மே மாதம் ஏர் இந்தியா வெளியிட்ட அறிவிப்பை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பயணிகள் தகவலைக் கையாண்ட சீட்டா நிறுவனத்தின் கணினிகளில் யாரோ புகுந்ததால், உலகெங்கும் சுமார் 45 லட்சம் பயணிகளின் விவரம் கசிந்தது. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட், டிக்கெட் விவரங்கள், 2011 ஆகஸ்ட் முதல் 2021 பிப்ரவரி வரை பதிவானவை. நம்மைப் பற்றிய உண்மை ஒன்றைச் சொல்வதாலேயே ஒருவர் விமான நிறுவனத்தைச் சேர்ந்தவர் ஆகிவிட மாட்டார்.

சில சமயம் தகவலைக் கொடுப்பதே நாம்தான். டிக்கெட்டில் உள்ள ஆறு இடப் பிஎன்ஆர் குறியீட்டை 26 ஆங்கில எழுத்துகள், 10 எண்களைக் கொண்டு அமைத்தால் 217 கோடிக்கு மேற்பட்ட சேர்க்கைகள் கிடைக்கும். ஊகிப்பது கடினம். ஆனால் போர்டிங் பாஸைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் ஊகிக்கவே வேண்டாம். பல நிறுவனங்களின் தளத்தில் பிஎன்ஆரும் கடைசிப் பெயரும் இருந்தால் முன்பதிவு அப்படியே திறந்துகொள்ளும்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் நேராக வங்கிகளுக்குப் போகிறது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் அதை முடக்கப் பார்க்கிறார்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.