மூன்றரைப் பாகத் தண்ணீர்

சமூகவியல் பாடநூல்களில் ‘சூழலும் வாழ்வும்’ என்றொரு பகுதி வரும். மலையில் இருப்பவர் தேன் எடுப்பார், கடலோரத்தில் இருப்பவர் மீன் பிடிப்பார் என்ற அளவில் அது முடிந்துவிடும். அந்தக் கடலில் யார் எந்த ஆழத்தில் நிற்கிறார் என்று அது கேட்பதில்லை.

இராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்றில் வடகடல் கொந்தளித்தால் தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் காற்றில் இது தலைகீழ். படகும் வலையும் உள்ளவர் காற்றைப் பார்த்துக் கடல் மாறலாம். இல்லாதவருக்குக் கரையோரத் தண்ணீர்தான்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் கடையர் குறித்து ஒரு சிறு பதிவு உண்டு. இராமேஸ்வரம் வட்டாரத்தில் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுபவர்கள், முத்துக்குளிப்போரில் ஒரு பகுதியினர் என்கிறார். பெயருக்குக் ‘கடைசி’ என்று பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பிறர் வீட்டுச் சுவரை வெளுப்பாக்கும் சுண்ணாம்பைச் சுட்டவர்களுக்கு ஊர் கொடுத்த இடம் அந்த ஒற்றைச் சொல்லில் தெரிகிறது. 2021இல் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரில் பல சாதிகளை ஒன்றாக்கிய சட்டத்திருத்தம் கடையரையும் சேர்த்தது. ஆனால் இராமநாதபுரம் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் கடலோரக் கடையரை விலக்கிவிட்டது. பெயர் ஒன்றுதான். உப்புக்காற்று படும் இடத்தில் சட்டமும் வேறாகிறது.

இனி பாசி எடுக்கும் பெண்களுக்கு வருவோம். 1960களில் அகர், ஆல்ஜினேட் ஆலைகளுக்காகப் பாசி வணிகம் தொடங்கியது. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்கிறார்கள். பாறை கீறும், பவளம் வெட்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும்.

1986இல் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. எல்லை தீவோடு நிற்கவில்லை. கரைப்பக்கம் மூன்றரைப் பாகம், கடல்பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை அதற்குள் வந்தது. பெண்கள் மூழ்குவது அந்த ஆழத்துக்குள்தான்! பாசி பறிமுதலானது, வழக்குகள் வந்தன. பவளப்பாறைக்குக் கேடு நேர்ந்தது உண்மை. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் கடலுக்குள் போனதற்குப் பவளக்கல் வெட்டியதைக் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கல்லை வாங்கியவர்கள் யார் என்ற விசாரணையை நான் எங்கும் படித்ததில்லை.

பெண்கள் சங்கம் கூடித் தாங்களே விதி செய்தார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதம் 12 நாள் மட்டும் இறங்குவது. சுரண்டும் கருவி கூடாது. மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாள் பாசியைத் தொடுவதில்லை. அலுவலகத்தில் எழுதப்பட்ட பாதுகாப்புத் திட்டங்களைவிட இது எனக்கு நம்பகமாகப் படுகிறது. வேர் அறுந்தால் பட்டினி யாருக்கென்று தெரிந்தவர்கள் செய்த விதி இது.

2006 வன உரிமைச் சட்டத்தில் தேசியப் பூங்காவும் வனநிலமே. ஆகவே இந்தப் பெண்களும் உரிமை கோரலாம். சிக்கல் வேறிடத்தில். பழங்குடி அல்லாத பாரம்பரிய வனவாசிகள் 2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பாசி வணிகத்துக்கோ அவ்வளவு வயதில்லை. கடலுக்குப் பட்டாவும் கிடையாது. எனவே பாசியை மட்டும் சொல்லி மனு எழுதக் கூடாது. சிப்பியையும் சங்கையும் சுண்ணாம்புக் காளவாயையும் சேர்த்து எழுத வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்து சான்றாகத் தர விதி இடம் தருகிறது. பழைய அரசுப் பதிவுகளும் செல்லும். நம்மைக் கடைசி என்று எழுதிய தர்ஸ்டனின் அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து மனுவோடு வைக்கலாம்: நாங்கள் 1909லேயே இந்தத் தண்ணீரில்தான் இருந்தோம் என்று.