குப்பையும் வரியும்



சில மாதங்களுக்கு முன், எட்டாம் வகுப்பு மாணவர்க்கு உள்ளூராட்சி முறை பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது மாணவன் ஒருவன் எழுந்து ஒரு வினாவை விடுத்தான். தங்கள் வீட்டுக் குப்பையை யாரிடமும் கொடுப்பதில்லை என்றும், முற்றத்து மூலையிற் குவித்து எரித்துவிடுவதே வழக்கம் என்றும், அவ்வாறிருக்கத் தாங்கள் எதற்காகப் பணங் கட்டவேண்டும் என்று தன் தாயார் கேட்பதாகவும் கூறினான். வகுப்பிற் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நகர வாழ்வின் அடிப்படையையே தொடும் வினா அது. அன்று மணி அடித்துவிட்டமையால் அரைகுறையாகவே விடை கூறினேன். முழு விடையையும் இன்று உங்கள் முன்னிலையிற் கூற முயல்கின்றேன்.

முதலிற் சட்டம் என்ன சொல்கிறது எனப் பார்ப்போம். மட்டக்களப்பு நகரம் 1967 ஆம் ஆண்டிலே மாநகர சபை என்னும் நிலையை அடைந்தது. மாநகர சபைகளை ஆள்வது 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். தெருக்களைக் கூட்டுதலும், வீட்டுக் குப்பையை அகற்றுதலும், அகற்றியதைத் தீங்கின்றிச் சேர்ப்பதற்கு இடங் காணுதலும் சபையின் கடமைகள் என அச்சட்டம் விதிக்கின்றது. அவ்வாறு சேர்க்கப்பட்ட குப்பை சபையின் உடைமையாகும். அதை விற்கவும் சபைக்கு உரிமை உண்டு. குப்பையும் ஒரு பொருளே என்பதைச் சட்டம் இயற்றியோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

கடமையைச் செய்வதற்குப் பணம் வேண்டும். அது பெரும்பாலும் சோலைவரியிலிருந்தே வருகின்றது. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என மதிப்பிட்டு, அம்மதிப்பில் நூற்றுக்கு இத்தனை வீதம் என்று சபை தீர்மானிக்கின்றது. அதுவே சோலைவரி. ஆண்டுக்கு நான்கு தவணைகளிற் கட்டலாம். முழுத் தொகையையும் சனவரி 31 ஆம் தேதிக்கு முன் கட்டுவோருக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு உண்டு. நிரந்தர ஊழியரின் சம்பளத்துக்கு அரசாங்கம் உதவித் தொகை தருகின்றது. எனினும் எரிபொருள், வாகனத் திருத்தம், குப்பை சேரும் இடத்தின் பராமரிப்பு ஆகியன சபையின் தலையிலேயே விழுகின்றன.

இனி, ஆண்டுக் கட்டணம் ஒன்றை எவ்வாறு நிருணயிப்பது? ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 10,000 வீடுகள் உள்ளன எனக் கொள்க. குப்பை அகற்ற ஆண்டுக்கு 6 கோடி ரூபா செலவாகின்றது. அரசாங்க உதவி 2 கோடி 50 இலட்சம். கூட்டெருவும், போத்தல், கடதாசி, பிளாத்திக்கு முதலியனவும் விற்றதால் வருவது 50 இலட்சம். மிஞ்சுவது 3 கோடி. வீடொன்றுக்கு ஆண்டொன்றுக்கு 3,000 ரூபா. மாதம் 250 ரூபா. இதுவரை கணக்கு எளிது.

ஆனால் 10,000 வீட்டாரும் பணங் கட்டுவார்களா? 6,000 வீட்டார் மட்டுமே கட்டினால், அதே 3 கோடியைச் சேர்க்க ஒவ்வொருவரும் 5,000 ரூபா கொடுக்கவேண்டி வரும். தொகை உயர்ந்ததும், அதுவரை ஒழுங்காகக் கட்டியவரிற் சிலரும் கைவிடுவர். மறு ஆண்டிலே தொகை இன்னும் உயரும். ஆகவே, வரியைக் குறைப்பதற்குரிய முதல் வழி எல்லாரும் கட்டுவதே. கட்டாதவனுடைய பங்கை அவனுடைய அயலவனே சுமக்கிறான்.

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. நாம் குப்பையைப் பாதியாகக் குறைத்தால் செலவும் பாதியாகும் எனப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. ஓர் ஒழுங்கையில் ஒரு பை கிடந்தாலும் நூறு பை கிடந்தாலும் உழவு இயந்திரம் அங்கே சென்றே ஆகவேண்டும். சாரதிக்கும் தொழிலாளிக்கும் அன்றைய சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். மீள்பயனுக்குரிய பொருள்களும் தம்மைச் சேர்க்கும் செலவைத் தாமே ஈட்டிக்கொள்வது அரிது. அவற்றின் சந்தை விலை இன்று ஏறும், நாளை இறங்கும். பழைய இரும்பும் போத்தலும் வாங்க வரும் வியாபாரி நல்ல விலை போவதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போவார். விலைபோகாத பை சபைக்கே மிஞ்சும். அங்ஙனமாயின் தரம் பிரிப்பதால் என்ன பயன்? பயன் மெல்ல வரும். ஆனால் பெரிதாக வரும். இலங்கையில் வீட்டுக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது உக்கும் பொருளே. அதை வீட்டுத் தோட்டத்திலேயே எருவாக்கினால், குப்பை சேரும் நிலம் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். புதிய நிலந் தேடுவதே எந்தச் சபைக்கும் மிகப் பெருஞ் செலவு.

செலவை யாவரிடையேயும் எவ்வாறு பங்கிடுவது என்பது அடுத்த வினா. இது நமக்குப் புதிய வினாவன்று. நமது வயல் வட்டைகளிலே நீரைப் பங்கிடவும், வேலி அடைப்பிக்கவும், கால்நடைகளைத் தடுக்கவும் வட்டை விதானை இருந்தார். அவருக்குரிய ஊதியத்தைப் பயிர் செய்வோர் தத்தம் வயற்பரப்புக்கு ஏற்ப நெல்லாக அளந்தனர். பத்து ஏக்கர் செய்தவரும் ஓர் ஏக்கர் செய்தவரும் ஒரே அளவு கொடுக்கவில்லை. வீட்டின் மதிப்புக்கு ஏற்ப வரி என்பதும் இதே நியாயமே.

எல்லாருக்கும் ஒரே தொகை என்பது இரண்டாவது வழி. கணக்கெழுத இலகு, ஆனால் ஓலைக் குடிசையில் வாழும் விதவைக்கும் மாடிவீட்டுச் செல்வருக்கும் அது ஒரே சுமையாகாது. போடும் குப்பையின் அளவுக்கேற்பக் கட்டணம் என்பது மூன்றாவது வழி. தென்கொரியா 1995 ஆம் ஆண்டு தொடக்கம் நாடெங்கும் இம்முறையைக் கையாள்கின்றது. குறித்த பையை விலை கொடுத்து வாங்கி அதிலேயே குப்பையைப் போடவேண்டும். தரம் பிரித்த மீள்பயன் பொருளுக்குப் பை விலை இல்லை. அங்கே குப்பை குறைந்தது, மீள்பயன் பெருகியது. ஆனால் இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. பைக் காசை மிச்சம் பிடிக்க எண்ணுபவன் இரவிலே குப்பையைக் கொண்டுபோய் ஆளில்லாத இடத்திற் கொட்டிவிடுவான். நம் நகரில் ஆளில்லாத இடம் எது? வாவிக்கரை அல்லவா?

இந்த இடத்திலேதான் அந்த மாணவனுடைய தாயாருக்குரிய விடை இருக்கின்றது. புளியந்தீவைச் சூழ்ந்தும், கல்லடியைத் தழுவியும், பல மைல் தூரம் தெற்கு நோக்கி நீண்டும் கிடக்கும் நமது வாவி, முகத்துவாரத்தில் மணல் திரளும் காலத்திற் கடலோடு தொடர்பற்று நிற்கின்றது. அக்காலத்திலே நாம் எறிந்தது எதுவும் வெளியேறுவதில்லை. மாரி மழையோ தெருவிற் கிடந்ததையெல்லாம் வடிகான் வழியே வாவிக்குட் சேர்க்கின்றது. கண்டல் வேர்களிலே பை சிக்கினால், இறாற் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் தொட்டில் கெடுகின்றது. வலை வீசும் குடும்பத்தின் சட்டியிற் குறைவது நாம் கட்ட மறுத்த வரியே.

எரித்தால் முடிந்துவிடும் எனவும் எண்ணற்க. பிளாத்திக்கு எரியும் புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் நெஞ்சிலே தங்குகின்றது. திறந்த வெளியில் அதை எரிப்பது 2017 ஆம் ஆண்டிலே சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஊருக்கு வெளியே கொட்டிவிட்டாலும் முடிவதில்லை. அதே ஆண்டு ஏப்பிரல் 14 ஆம் தேதி, புத்தாண்டுத் தினத்திலே, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களை மூடியது. நமக்கு அயலான அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், குப்பையை உண்ட யானைகள் வயிற்றில் பிளாத்திக்கோடு மாண்டன. திருப்பெருந்துறையிலே குப்பை கொட்டப்பட்டதை அப்பகுதி மக்கள் எதிர்த்ததையும் நாம் அறிவோம். ஒருவர் வாசலிலிருந்து அகன்ற குப்பை, இன்னொருவர் வாசலையே சென்று அடைகின்றது.

எனவே நியாயமான முறை யாது? அடிப்படைச் செலவை வீட்டின் மதிப்புக்கேற்ப எல்லாரும் பகிர்தல் வேண்டும். கடை, விடுதி, திருமண மண்டபம் போன்று மிகுதியாகக் குப்பை சேர்ப்போரிடம் அளவுக்கேற்பத் தனிக் கட்டணம் பெறல் வேண்டும். வீட்டிலே கூட்டெரு செய்வோருக்கும் தரம் பிரித்துக் கொடுப்போருக்கும் சிறு சலுகை கொடுக்கலாம். வறியோருக்கு விலக்கும் அளிக்கலாம். வண்டி வரும் நாள் தவறாதிருத்தலும், வரவு செலவுக் கணக்கு யாவரும் விளங்கும்படி வெளியிடப்படுதலும் சபையின் பக்கத்துக் கடன். தன் பணம் எங்கே போகிறது என்று அறிந்தவன் முகஞ் சுளியாமற் கொடுப்பான். விடியுமுன் எழுந்து நம் கழிவைக் கையால் அள்ளும் தொழிலாளிக்குக் கையுறையும் காலணியும் உரிய ஊதியமும் அந்தப் பணத்திலிருந்தே கிடைக்கவேண்டும் என்பதையும் மறவாதிருப்போம்.

அம்மாணவனிடம் நான் பின்னர் கூறியது இதுதான்: “தம்பி, அம்மா கட்டுவது உங்கள் வீட்டுக் குப்பைக்கான கூலி மட்டும் அன்று. நீ பள்ளிக்கூடம் வரும் வழி, நீ உண்ணும் மீன், நீ குடிக்கும் கிணற்று நீர் ஆகியவற்றைக் காப்பதற்குரிய பங்கும் அதில் உண்டு.” அவன் சற்று யோசித்து, “அப்படியென்றால் எல்லாரும் கட்டவேணும், ஐயா” என்றான். அவனுக்கு விளங்கியது பெரியோராகிய நமக்கும் விளங்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.