பாதி வழியில் நிற்கலாமா?

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அறுபத்தொன்பதைக் கடந்தவரும் ஊர் சேர்ந்தவர் ஆகமாட்டார். கடைசி வளைவையும் கடந்தாக வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையும் அத்தகையதே என்பதை, அம்மலைமீது மளிகைக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர் ஒருவரால் அறிந்துகொண்டேன்.

அவர் என்னிடம் ஓதியவர். அவருடைய தாயாருக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் கண்டது. ஐந்து வாரம் நகரில் தங்கி வெளியிலிருந்து செலுத்தும் கதிர்ச் சிகிச்சை பெற்றார். உதிரப்போக்கு நின்றது, வலியும் தணிந்தது. “குணமாகிவிட்டது ஹஜ்ரத்! இனி உள்ளே கருவி வைத்துக் கதிர் கொடுப்பார்களாம். அம்மா வெட்கப்படுகிறார்கள், பயப்படுகிறார்கள். அதனால் அழைத்து வந்துவிட்டேன்” என்றார்.

“சிகிச்சை முடிந்தது என்று மருத்துவர் சொன்னாரா?” என்று கேட்டேன். “இல்லை” என்றார்.

அந்த ‘இல்லை’தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நம் நாட்டில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் காணப்படுகிறது. அவர்களுள் பலருக்கும் இதே தடுமாற்றம் நேரக்கூடும்.

உள்கதிர்ச் சிகிச்சை என்பது யாது?

1898-ல் மேரி கியூரியும் அவருடைய கணவர் பியேர் கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்தனர். 1901-ல் ஹென்றி பெக்கரல் என்னும் அறிஞர் சிறிதளவு ரேடியத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவர் தோல் புண்ணாயிற்று. நல்ல தசையைப் புண்ணாக்குவது தீய தசையை அழிக்காதா என்று சிந்தித்தனர் மருத்துவர்கள். அதிலிருந்து பிறந்ததே இம்முறை. இதனை ‘பிராக்கிதெரபி’ என்பர். ‘பிராக்கி’ எனும் கிரேக்கச் சொல்லுக்குக் குறுகியது என்பது பொருள். கதிர்ப்பொருள் கட்டியின் அருகிலேயே வைக்கப்படுவதால் இப்பெயர்.

விளக்கின் ஒளி விலக விலக மங்குவதுபோல, கதிரின் வீரியமும் தூரம் இரு மடங்கானால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். கருப்பை வாய்க்கு முன்னே சிறுநீர்ப்பையும் பின்னே மலக்குடலும் உள்ளன. நோயை வேரறுக்கத் தேவையான முழு அளவையும் வெளியிலிருந்தே செலுத்தினால் அவ்வுறுப்புகள் வெந்துவிடும். உள்ளிருந்து கொடுத்தாலோ, கட்டிக்கு மிகுதியும் அண்டை உறுப்புகளுக்குக் குறைவுமாகச் சேரும்.

உதிரம் நிற்பது கட்டி சுருங்கியதற்கு அடையாளமே தவிர, அழிந்ததற்கு அடையாளமன்று. எஞ்சியதை அழிப்பதே உள்கதிரின் பணி. இரண்டு சிகிச்சைகளும் சேர்ந்து 8 வாரங்களுக்குள் முடிய வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். தாமதிக்கத் தாமதிக்க நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு மிகும்.

அச்சம் வேண்டாம்

மயக்க மருந்தோ வலி நீக்கும் மருந்தோ கொடுத்துக் கருவியைப் பொருத்துவர். பின்னர், அரிசி மணியினும் சிறிய இரிடியம்-192 என்னும் கதிர்ப்பொருள் கம்பி நுனியில் இயந்திரத்தால் உள்ளே செலுத்தப்படும். சில நிமிடங்களில் அது பெட்டிக்குத் திரும்பிவிடும். அந்நேரம் நோயாளி தனியே இருப்பார். மருத்துவர்கள் வெளியிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பர். இவ்வாறு சில தடவைகள் நடைபெறும்.

கதிர்ப்பொருள் உடலில் தங்குவதில்லை. ஆகவே வீடு திரும்பிய தாய் பேரப்பிள்ளைகளைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம். தைராய்டு புற்றுக்கு உட்கொள்ளக் கொடுக்கும் கதிர் அயோடின் வேறு வகை. அதற்கு மட்டும் மருத்துவர் சொல்லும் நாள்வரை விலகியிருத்தல் வேண்டும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் நிலையம், டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோரின் உழைப்பால் பெருமருத்துவமனையாக வளர்ந்தது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு. சிகிச்சைக்காகச் செல்வோருக்கு ரயில் கட்டணச் சலுகையும் உண்டு.

வெட்கமும் மார்க்கமும்

வெட்கம் ஈமானைச் சார்ந்ததே. ஆயினும் உயிர் காக்கும் மருத்துவத்திற்கு அது தடையாகலாகாது. பெண் மருத்துவர் இருந்தால் அவரிடம் காட்டலாம். இல்லாதபோது, அவசியத்தின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்ட ஷரீஅத் இடமளிக்கிறது. நோய்க்கு மருந்து தேடுமாறு நாயகம் (ஸல்) அவர்களும் அறிவுறுத்தியுள்ளார்கள்.

நம் பெண்மக்களுக்கு ஹைளு, இஸ்திஹாளா சட்டங்களை ஓதிக்கொடுக்கிறோம். மாதவிலக்கு நாட்களையும் அதற்கப்பாற்பட்ட உதிரத்தையும் கணக்கிட அவர்கள் அறிவார்கள். அந்தக் கணக்கு தொழுகைக்கு மட்டுமன்று, உடல்நலத்திற்கும் உதவும். இடைநாட்களில், இல்லறத் தொடர்புக்குப் பின், மாதவிலக்கு முற்றிலும் நின்ற பின் உதிரம் கண்டால், “சூடு” என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரை நாடுங்கள்.

அந்த மகனிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். தாயும் மகனும் மறுநாள் மலையிறங்கினர். அல்ஹம்துலில்லாஹ், எஞ்சிய சிகிச்சையை முடித்துத் திரும்பினார் அத்தாய். இப்போது குறித்த தவணைகளில் பரிசோதனைக்கும் சென்று வருகிறார்.

சகோதரர்களே! உங்கள் இல்லத்தில் ஒரு தாயோ சகோதரியோ இச்சிகிச்சை பெறுவாராயின், “போதும்” என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அச்சொல் மருத்துவரின் வாயிலிருந்து வரட்டும். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். கடைசி வளைவு வரை அழைத்துச் செல்வது நம் கடமை.