அரச மின்னஞ்சல் அழிந்த அந்த மூன்று மாதங்கள்

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மின்னஞ்சல் சேர்வர்களை ரான்சம்வெயார் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்புக்குக் கப்பம் கேட்கும் மென்பொருள் அது. ஏறத்தாழ 5,000 ‘கவ் டொட் எல்கே’ முகவரிகள் அகப்பட்டுக்கொண்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடக்கம். சேவை 12 மணித்தியாலங்களில் மீண்டது. ஆனால் மே 17 முதல் அன்று வரை வந்து போன கடிதங்கள் மீளவில்லை. சேர்வரோடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் பூட்டப்பட்டுவிட்டது. தொடர்பறுத்துத் தனியே வைத்த பிரதி, அந்த மூன்று மாதங்களுக்கும் மேலான காலத்துக்கு இருக்கவில்லை.

இந்த அமைப்பை நடத்திய தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், அதாவது இக்டா, காரணத்தை மறைக்கவில்லை. மின்னஞ்சல் சேர்வர் மென்பொருளான மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 பதிப்பே தாக்குதல் நாள்வரை ஓடிக்கொண்டிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021இலேயே இருந்தது. பணப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபைத் தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனது. 2013 பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11ஆம் திகதி நிறுத்தியது. தாக்குதல் நடந்தது அதற்கு நாலரை மாதம் கழித்து.

முன்னேஸ்வரத்தில் இருப்பவருக்கு இது கொழும்பு விவகாரமாகத் தோன்றலாம். அப்படியல்ல. சிலாபம் பிரதேச செயலகத்துக்கும் புத்தளம் கச்சேரிக்கும் கொழும்புத் திணைக்களங்களுக்கும் இடையே போகும் காணிப் பிரச்சினை, ஓய்வூதிய விசாரணை, மீனவர் நட்டஈடு எல்லாவற்றிலும் ஒரு பகுதி இன்று மின்னஞ்சலில்தான் நகர்கிறது. முன்னேஸ்வரம் கோயிலின் நான்கு வாரத் திருவிழாவும் ஓகஸ்ட், செப்டெம்பரில்தான் வருகிறது. போக்குவரத்து, சுகாதாரம், பாதுகாப்பு என்று அலுவலகங்கள் அதிகம் எழுதிக்கொள்ளும் காலம் அது. காகிதக் கோவை தொலைந்தால் யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். ஐயாயிரம் முகவரிகளின் கடிதங்கள் ஒரே நாளில் போனபோது, எழுதிய குடிமகனுக்கு யாரும் பதில் சொல்லவில்லையென்றால் அது பெரும் அநீதி.

ஆதரவு நின்றால் என்ன? மென்பொருள் அடுத்த நாளும் வழமைபோலவே ஓடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கும் திருத்தம் இனி வராது. 2021 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சில் வெளிப்பட்ட ‘புரொக்ஸிலொகன்’ ஓட்டைகளால், கடவுச்சொல் இல்லாமலே உலகெங்கும் பல்லாயிரம் சேர்வர்களுக்குள் புகுந்தார்கள். அப்போது 2013 பதிப்புக்குத் திருத்தம் வந்தது. இன்று அப்படி ஒன்று வெளிப்பட்டால் வராது.

மாறுவது எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் தள்ளிப்போடும் பயம் குறையும். 2013 பதிப்பின் மேலேயே புதியதை நிறுவ முடியாது. புதிய சேர்வரைப் பக்கத்தில் எழுப்பி, இரண்டையும் கொஞ்சக் காலம் சேர்ந்து ஓட விட்டு, அஞ்சல் பெட்டிகளைத் தொகுதி தொகுதியாக நகர்த்த வேண்டும். நகரும் நேரத்திலும் உரியவர் கடிதம் வாசிக்கலாம், அனுப்பலாம். முதலில் தொழில்நுட்பப் பிரிவின் பெட்டிகள், பிறகு ஒரு சிறிய கிளை, கடைசியில் மற்றவர்கள் என்று போவது நல்லது. உள்வரும் கடிதங்களுக்கு வழிகாட்டும் டிஎன்எஸ் பதிவை மாற்றும் முன், அதன் காலாவதி நேரத்தை ஓரிரு நாள் முந்தியே குறைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய முகவரி உலகுக்குத் தெரியவர நேரமெடுக்கும்.

சிக்கல் பெரும்பாலும் ஓரங்களில்தான் வரும். ஸ்கான் செய்த காகிதத்தை நேரே மின்னஞ்சலில் அனுப்பும் போட்டோகொப்பி இயந்திரத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள்; பழைய சேர்வரை அணைத்த மறுநாள் அது ஊமையாகிவிடும். அவுட்லுக் 2007 ஓடும் பழைய கணினிகள் எக்ஸ்சேஞ்சின் 2019 பதிப்போடு பேசா. சில அலுவலர்களின் கடிதங்கள் சேர்வரில் இல்லாமல், மேசைக் கணினியின் பிஎஸ்டி கோப்பில் மட்டும் கிடக்கும். சேர்வரை மட்டும் நகர்த்தினால் அவை பின்தங்கிவிடும்.

தமிழில் வேலை செய்யும் அலுவலகங்களுக்கு இன்னொன்றும் உண்டு. பழைய கடிதங்களில் கணிசமானவை பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியிலோ போனிலோ திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். பெட்டியை நகர்த்துவதால் உள்ளிருக்கும் எழுத்து யூனிகோடாகிவிடாது. முக்கியமான கோவைகளைத் தனியே மாற்ற வேண்டும். மாற்றத் திட்டத்தில் அதற்கும் ஆளும் நாளும் ஒதுக்கப்பட வேண்டும். தமிழுக்கு ஒரு நன்மையும் இதில் இருக்கிறது: தமிழ் எழுத்திலேயே அமைந்த மின்னஞ்சல் முகவரிகளுக்குக் கடிதம் அனுப்பும் வசதி 2019 பதிப்பில் வந்துவிட்டது. ‘.இலங்கை’ என்ற இணைய முகவரி 2010 முதலே நமக்கு உண்டு.

தள்ளிப்போடுவோருக்குப் பாதை நீளும். 2016, 2019 பதிப்புகளின் ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. இப்போது உள்ளது 2025 ஜூலையில் வந்த சந்தாப் பதிப்பு. 2019இல் இருப்பவர்கள் அதே சேர்வரிலேயே அதற்கு ஏறலாம். 2013இல் தங்கியவர்கள் முதலில் இடைப்பட்ட ஒரு பதிப்புக்குப் போக வேண்டும். சொந்த சேர்வரைப் பராமரிக்க ஆளில்லாத பாடசாலையோ கூட்டுறவுச் சங்கமோ மாதக் கட்டண முகில் சேவைக்குப் போவதே நல்லதென்பது என் எண்ணம். அப்போதும் காப்புப் பிரதி உங்கள் பொறுப்பே.

தாக்குதலுக்குப் பிறகு, தினமும் தொடர்பறுத்த பிரதி எடுப்பதாகவும் புதிய பதிப்புக்கு மாறுவதாகவும் இக்டா அறிவித்தது. உங்கள் நிறுவனத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, கடைசிப் பிரதியை யாராவது மீட்டுப் பார்த்தார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். 2023 மே 17க்கும் ஓகஸ்ட் 26க்கும் இடையே அரச அலுவலகம் ஒன்றுக்கு மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்பிப் பதில் வராதிருந்தால், அனுப்பிய பிரதி உங்கள் பெட்டியில் இன்னும் இருக்கக்கூடும். அதை அச்சிட்டு நேரில் கையளித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.